வேறு பால் கிடையாது

ஜன்னல் சட்டத்தில் பச்சைப் பெயிண்டு பொரிந்து நிற்கிறது. தோசைக் கரண்டியால் சுரண்டுகிறேன். உதிர்கிறது. அடியில் நீலம். அதற்கும் அடியில் வேறொரு பச்சை. எத்தனை முறை அடித்தேன் இந்த ஜன்னலுக்கு என்று ஞாபகம் இல்லை. மூக்கைச் சுற்றித் துண்டு கட்டியிருக்கிறேன். மூச்சு முட்டுகிறது. அவிழ்த்தால் தூள் உள்ளே போகும். போனால் என்ன, எனக்கு எழுபத்திரண்டு. என் நெஞ்சுக்குள் போகாத தூளா. ஆனால் தரையில் விழுந்ததைத் துடைப்பத்தால் கூட்டக் கூடாதாம், பறக்குமாம், ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டுமாம். டாக்டரம்மா உத்தரவு. அதற்குக் குனிய வேண்டும். குனிந்தால் எழ வேண்டும். முழங்கால் இரண்டும் காலையிலிருந்து என்னைத் திட்டிக்கொண்டிருக்கின்றன. மணி ஒன்று. மூன்றரை பஸ்ஸுக்குக் கிளம்பணும். அதற்குள் கண்டுபிடிக்கணும். எதை என்றுதான் தெரியாது. இந்த வீட்டில் இருக்கும் ஏதோ ஒன்று என் பேரனைத் தின்கிறது. பன்னிரண்டு நாள் பிள்ளை. இன்னும் பெயர்கூட வைக்கவில்லை. நாலாம் நாள் இந்த வீட்டுக்கு வந்தான், கையை முறுக்கிக்கொண்டு, சண்டைக்கு வந்தவன் மாதிரி. ஆறாம் நாள் கண் மஞ்சள். ஏழாம் நாள் உள்ளங்கால் மஞ்சள். மூத்திரம் கட்டன் டீ நிறத்தில். என் மகள் செண்பகவல்லி தையல் வலியோடு அவனைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். அன்றிலிருந்து டவுன் பெரிய ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து வந்த பிள்ளை. மருமகன் கதிரேசன் ரத்தத்துக்கு ஆள் தேடி அலைகிறார். நான் இங்கே கோவில்பட்டியில் தோசைக் கரண்டியோடு நிற்கிறேன். பெயிண்டா. பன்னிரண்டு நாள் பிள்ளை ஜன்னலையா நக்கினான். இருந்தாலும் சுரண்டுகிறேன். கை சும்மா இருந்தால் மண்டை ஓடுகிறது.

நேற்றுச் சாயங்காலம் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். சின்னப் பெண். பேச்சு கோயம்புத்தூர்ப் பக்கம். கண்ணுக்குக் கீழே கறுப்பு, தூங்கி ரெண்டு நாள் இருக்கும். "தாத்தா, உங்க பேரனுக்கு ரத்தத்துல ஒரு சத்துக் கம்மிங்க. பொறப்புலயே அப்படி. அதோடயே அவன் நூறு வயசு இருக்கலாம். ஆனா சில சாமான் அவனுக்கு ஆகாது. பட்டா ரத்தம் உடைஞ்சிருமுங்க. ஏதோ பட்டிருக்குது. லைட்டுக்குள்ள போட்டா மஞ்சள் இறங்குது, வெளிய எடுத்து அம்மாகிட்டக் குடுத்தா மறுபடி ஏறுது. எனக்கே புரியல." பிறகு ஒரு தாளை எடுத்துக் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். நான் முப்பத்தொரு வருஷம் ரயில்வே கேட்டில் இருந்தவன். போனில் பேச்சு வளர்க்கக் கூடாது. ஸ்டேஷன் மாஸ்டர் கேட்பார், நான் சொல்வேன். மூடியாச்சா. மூடியாச்சு. அதே பழக்கம் நாக்கில் உட்கார்ந்துவிட்டது. கொசுவத்தி? உண்டு. விறகடுப்பு? இல்லை. வீட்டுக்குள்ள பீடி, சிகரெட்? விட்டாச்சு. எப்பங்க? பெண்டாட்டி செத்த அன்னைக்கு. டாக்டரம்மா நிமிர்ந்து ஒரு தரம் பார்த்தாள், பிறகு எழுதினாள். பூச்சி மருந்து? முருங்கைக்கு. பெயிண்டு? பழசு. சுவத்துல ஈரம்? இருக்கு. அதற்குள் வாசலில் நர்ஸ் வந்து நின்று ஏதோ அவசரம் என்றாள். டாக்டரம்மா பாதி எழுந்துகொண்டே கேட்டாள், "நாப்தலீன் பால்ஸ் யூஸ் பண்றீங்களா?" "அதெல்லாம் கிடையாது. தாய்ப்பால்தான். வேற பால் கிடையாது" என்றேன். "நல்லதுங்க, தாய்ப்பால் மட்டும் குடுக்கட்டும்" என்று கோடு போட்டுவிட்டுப் போனாள். டப்பாப் பாலில் ஆயிரம் பெயர் வருகிறது இப்போது. எந்தப் பெயரும் என் வீட்டு நடை ஏறக் கூடாது என்று முதல் நாளே செண்பகத்திடம் சொல்லிவிட்டேன். போகும்போது திரும்பி நின்று டாக்டரம்மா சொன்னாள், "வீட்டுக்குப் போயி ஒவ்வொண்ணா எடுத்துப் பாருங்க. மேல என்ன எழுதியிருக்குதுன்னு வாசிங்க. சந்தேகமா இருந்தா போன் பண்ணுங்க. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பாக்கிறேன். அதுக்கு மேல ஏறுச்சுன்னா உடம்பு ரத்தம் மொத்தத்தையும் மாத்தணும். மூளைக்கு ஏற விட்டுடக் கூடாது." உடம்பு ரத்தம் மொத்தம் என்றால் எவ்வளவு இருக்கும் அவனுக்கு. ஒரு டம்ளர் இருக்குமா.

அடுப்படி முடிந்தது. காலையிலேயே முடித்துவிட்டேன். கொசுவத்தி டப்பா, வாசித்தேன், எழுதியிருந்த பெயர் என் வாயில் நுழையவில்லை, தூக்கிச் சாக்கில் போட்டேன். பினாயில் பாட்டில், வாசித்தேன், சாக்கு. மண்ணெண்ணெய் கேன், ரேஷனில் கொடுத்த காலத்தில் வாங்கியது, அடியில் இரண்டு விரல்கடை மிச்சம், சாக்கு. முருங்கைக் கம்பளிப்பூச்சிக்கு வாங்கிய மருந்து ஊறுகாய் ஜாடியில் இருந்தது. ஊறுகாய் ஜாடியில். நான்தான் ஊற்றி வைத்தேன், பாட்டில் மூடி உடைந்துபோய்விட்டது என்று. ஜாடி மாங்காய் ஊறுகாய்க்குப் பக்கத்திலேயே இருந்தது, அண்ணன் தம்பி மாதிரி. வேர்த்துவிட்டது. ஒரு நாள் செண்பகம் ராத்திரிச் சோற்றுக்குக் கையை விட்டிருந்தால். எடுத்துக் கொல்லையில் குழி தோண்டிப் புதைக்கப் போனேன், மண்ணுக்கும் ஆகாது என்று பாதியில் நிறுத்தி, கட்டிச் சாக்கில் போட்டேன். சாக்கு நிறைந்துகொண்டே வருகிறது. மனிதன் குடியிருக்கும் வீடா இது. என் பூரணம் இருந்தால் இதெல்லாம் இப்படிக் கிடக்காது. எது எங்கே என்று அவளுக்குத் தெரியும். மகள் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வருகிறாள், வீட்டில் தாய் இல்லை, நான் இருக்கிறேன். மாமியார் வீட்டில் வைத்துப் பார்க்கிறோம் என்றார்கள். வேண்டாம், என் வீட்டுக்கு வரட்டும் என்று சொன்னது நான்தான். வீம்பு. கொண்டா பார்க்கலாம் என்று. பத்தியக் குழம்பு வைக்கப் படித்தேன். வெந்நீர்ப் பதம் படித்தேன். வெள்ளையடித்தேன். கட்டிலை நகர்த்தி ஈரச் சுவருக்கு எதிர்ப்பக்கம் போட்டேன். எல்லாம் சரியாகச் செய்தேன் என்றுதான் நினைத்திருந்தேன். சரியாகச் செய்த வீட்டில் மூன்றே நாள்தான் இருந்தான்.

சாம்பிராணியா. அந்தச் சந்தேகம் விடிகாலையில் வந்தது. பக்கத்து வீட்டுப் பாக்கியத்தாய்தான் பிள்ளையைக் குளிப்பாட்டிப் புகை காட்டினாள். சுவருக்கு மேலே தலையை நீட்டிக் கேட்டேன், என்ன சாம்பிராணி அது என்று. அவள் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். "கட்டிச் சாம்பிராணி அண்ணாச்சி. கோயில்ல போடுததுதான்." "அதில என்ன கலந்திருக்கான்." "என்னத்தக் கலப்பான், சாமிக்குப் போடுததுல." "சாமிக்கு ரத்தம் உடையாது. பிள்ளைக்கு உடையும்." பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டாள். "அண்ணாச்சி, இந்தத் தெருவுல பதினேழு பிள்ளைக்குப் புகை போட்டவ நான். ஒண்ணுகூட மஞ்சளாகல. ஒண்ணே ஒண்ணு மட்டும் போலீஸாப் போச்சு, அதுக்கு நான் பொறுப்பில்ல." எனக்குச் சிரிப்பு வரவில்லை. "இனிமே என் வீட்டுல புகை போடாத" என்றேன். "உங்க வீட்டுல புகையப் போட்டு வளத்தது யாரு? பீடிய இழுத்து இழுத்து, எங்க மதினிய முப்பது வருசம் அந்தப் புகையில ஊற வெச்சது நானா?" சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். நான் தலையை இழுத்துக்கொண்டேன். பூரணம் இருமித்தான் செத்தாள். நான் பீடி குடித்தேன், அவள் இருமினாள். அப்போது ஒரு டாக்டரம்மா தாளை எடுத்துக்கொண்டு வந்து கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன். கிடையாது என்றிருப்பேன். கொஞ்ச நேரம் கழித்துச் சுவருக்கு மேலே ஒரு கிண்ணம் வந்தது. ரவை உப்புமா. "தின்னுட்டுத் தேடுங்க. வெறும் வயித்துல எதுவும் கண்ணுல படாது." தின்னவில்லை. ஈ மொய்க்காமல் மூடி வைத்திருக்கிறேன்.

உட்காருகிறேன். அஞ்சு நிமிஷம். பெஞ்சு சூடாக இருக்கிறது. சிமெண்டு ஷீட் கூரை, சித்திரை வெயில், தட்டினால் வெடிக்கும் போலிருக்கிறது. ஷீட்டுகூட ஆகாதுதான், அதிலிருந்து நார் பறக்கும் என்று பேப்பரில் படித்திருக்கிறேன். கூரையை எங்கே கழற்றிச் சாக்கில் போட. டாக்டரம்மா இன்னொன்றும் கேட்டாள். இது தாய்வழியாக வரும், தாய்க்கு அவளுடைய அப்பாவிடமிருந்து வந்திருக்கலாம், உங்களுக்கு எப்போதாவது மாத்திரை ஏதும் சாப்பிட்டு மூத்திரம் கறுப்பாகப் போயிருக்கிறதா என்று. போயிருக்கிறது. எப்படித் தெரியும் அவளுக்கு. கரிசல்காட்டுக் கேட்டில் இருந்தபோது, மலேரியாக் காய்ச்சல், ரயில்வே ஆஸ்பத்திரியில் ஏதோ மாத்திரை கொடுத்தார்கள், மூன்றாம் நாள் தண்டவாளத்து ஓரம் ஒதுங்கினேன், கறுப்புக் காப்பி மாதிரி போனது. பயந்து மாத்திரையை எறிந்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. முப்பத்தெட்டு வருஷம் கழித்து ஒரு சின்னப் பெண் கேட்கிறாள், போச்சு என்றேன். அவள் எழுதிக்கொண்டாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். என் ரத்தம் அது. செண்பகத்துக்குக் கொடுத்து, அவள் வழியாக அவனுக்குக் கொடுத்து, கடைசியில் தாத்தா கொடுத்தது இதுதான். சரி, கொடுத்தாயிற்று. பட்டால்தானே உடையும். பட்டதைக் கண்டுபிடி. ஒன்று மட்டும் சொல்வேன், கேட்ட கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்கிறேன். என் தொழில் அது. கேட்டை மூடிப் பூட்டி, கண்ணால் பார்த்து, கையால் ஆட்டிப் பார்த்து, அதற்குப் பிறகுதான் மூடியாச்சு என்று ஸ்டேஷன் மாஸ்டருக்குப் போனில் நம்பர் கொடுப்பேன். நம்பர் கொடுத்தால் வண்டி கிளம்பும். பக்கத்துக் கேட்டில் ஒருத்தன் படுத்த இடத்திலிருந்தே மூடியாச்சு என்று நம்பர் கொடுத்தான். ஒரு வேன். ஆறு பேர். அவனைப் பற்றி நான் பேசியதெல்லாம் ஊருக்கே தெரியும். பார்க்காமல் சொல்பவன் மனுஷனா என்று கேட்டேன் அவன் பெண்டாட்டி முன்னாலேயே.

போன் அடிக்கிறது. செண்பகம். எடுத்தால் பின்னால் வேறு பிள்ளைகளின் அழுகை. "என்ன" என்றேன். "யப்பா, மஞ்சள் பதினேழுல இருந்து பத்தொம்பது ஆயிருச்சாம். காலைல இறங்கியிருந்துச்சு. ராத்திரி பூரா லைட்டுல கிடந்தான். விடிஞ்சு பால் குடுக்கக் குடுத்தாங்க, குடுத்துட்டு மடியில சுத்தி வெச்சிருந்தேன், நல்லாத் தூங்குனான், இப்ப எடுத்துப் பாத்தா ஏறிக் கிடக்கு." குரல் தட்டையாக இருந்தது. அழுது முடித்த குரல். "பால் குடிக்க எழுப்புனா முழிக்க மாட்டேங்கான்ப்பா. காலச் சுண்டுனேன், நர்ஸம்மா சுண்டுனாங்க. லேசா முனங்குதான்." "தேடுதேன்" என்றேன். "எதாவது கிடைச்சுதா?" "சாக்கு நிறைய." "எதுப்பா?" "தெரியல." பிறகு சொன்னாள், "வரும்போது அம்மா சேலை இன்னொண்ணு கொண்டு வாங்க. கொண்டு வந்ததெல்லாம் நனைச்சுட்டான். ஒண்ணுதான் மிச்சம் இருக்கு. அந்த ஊதாப்பூப் போட்ட நூல் சேலை பெட்டியில இருக்கும். நனைச்சிராதீங்க, அப்படியே கொண்டு வாங்க. நனைச்சா அம்மா வாசனை போயிரும்." சரி என்றேன். பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது. பழைய நூல் சேலைதான் மெத்தென்று இருக்கும், தோலை அறுக்காது. பூரணத்தின் சேலைகளை நானே உட்கார்ந்து கிழித்தேன், எட்டுச் சேலை, சதுரம் சதுரமாக. கிழிக்கிற சத்தம் கேட்க முடியவில்லை, ரேடியோவைப் போட்டுக்கொண்டேன். செண்பகம் வந்த அன்று ஒரு துண்டை எடுத்து முகத்தில் பொத்திக்கொண்டு நின்றாள். யப்பா, அம்மா வாசனை. நாலு வருஷம் கழிச்சும் அப்படியே இருக்கு பாருங்க. நானும் மோந்து பார்த்தேன். ஆமாம், அவள்தான் என்று எனக்கும் பட்டது. நனைக்காதீங்க என்றாள். நான் நனைக்கவில்லை. வெயிலில்கூடக் காட்டவில்லை.

டிரங்குப் பெட்டி கட்டிலுக்கு அடியில். இழுத்தால் தரை கீறுகிறது. பூட்டு இல்லை, கொக்கி மட்டும். இந்தப் பெட்டியை மட்டும்தான் இன்று நான் திறக்கவில்லை. திறக்க என்ன இருக்கிறது, அவள் துணிமணி. துணி யாரை என்ன செய்யும். மூடியைத் தூக்கியதும் வாசனை முகத்தில் அறைகிறது, கண் கரிக்கிறது. சேலை, சேலை, என் பழைய காக்கி, அவள் பட்டு, ஊதாப்பூச் சேலை அடியில். எடுக்கிறேன். மடிப்பிலிருந்து வெள்ளையாக ஒன்று உருண்டு தரையில் விழுந்து கட்டில் காலில் முட்டி நிற்கிறது. ரசகற்பூரம். கரைந்து கரைந்து சுண்டைக்காய் அளவுக்கு வந்துவிட்டது. வருஷா வருஷம் தீபாவளிக்கு முந்தி ஒரு பாக்கெட் போடுவேன். அவளுக்காக நான் விடாமல் செய்கிற ஒரே காரியம். ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள், பெட்டிக்கு ரசகற்பூரம் போட மறந்திராதீங்க, பட்டுச் சேலையைப் பூச்சி அரிச்சிரும் என்று. அவள் சொன்ன கடைசிக் காரியம் அதுதான். மறக்கவில்லை. கடையில் போய் நிற்பேன், ரசகற்பூரம் ஒரு பாக்கெட் என்பேன், பொட்டலத்தைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு வருவேன். இதோ, போன தீபாவளிக் கவரும் அடியில் கிடக்கிறது, மிச்ச உருண்டைகளோடு. எடுத்துச் சாக்குப் பக்கம் எறியப் போகிறேன். காலையிலிருந்து வாசித்து வாசித்துக் கண்ணுக்குப் பழக்கமாகிவிட்டது, கவரைக் கண்டால் வாசிக்கத் தோன்றுகிறது. ஒரு பக்கம் தமிழில் ரசகற்பூரம், ஒரு பூப்படம். திருப்புகிறேன். இங்கிலீஷ். கூட்ஸ் வண்டிப் பெட்டி மேல் இருக்கும் எழுத்தை வாசிக்கிற மாதிரி ஒவ்வொன்றாக வாசிக்கிறேன். என். ஏ. பி. ஹெச். டி. ஹெச். என்ன இத்தனை ஹெச். ஏ. எல். ஈ. என். ஈ. நாப். நாப்த. நாப்தலீன். எங்கேயோ கேட்ட பெயர். அடுத்த வார்த்தை சின்னது. பி. ஏ. எல். எல். எஸ்.

பால்ஸ்.

பால் இல்லை. பால்ஸ். உருண்டை. அவள் உருண்டையைக் கேட்டாள். நான் பாலைச் சொன்னேன். கவரைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், உருண்டைகள் உள்ளே கலகலவென்கின்றன. அதெல்லாம் கிடையாது. சொன்னேனே. பார்க்காமல், எழுந்து போகாமல், என்னம்மா அது என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்காமல். கேட்டால் கௌரவம் குறைந்துவிடுமா. இவனுக்கு இதுகூடத் தெரியாதா என்று அந்தச் சின்னப் பெண் நினைத்துவிடுவாள். அதற்காகத்தான் கேட்கவில்லை. இப்போது தெரிகிறது, அப்போதும் தெரியும், அந்தப் பெயர் எனக்குப் புரியவில்லை என்று உள்ளே ஒருத்தன் சொன்னான், நான்தான் அவனை மீறிப் பேசினேன். லைட்டுக்குள் அம்மணமாகக் கிடந்தால் இறங்குகிறது. வெளியே எடுத்தால் ஏறுகிறது. வெளியே எடுத்ததும் எதில் சுற்றுகிறாள். நான் கிழித்த சதுரத்தில். நான் போட்ட உருண்டையில் நாலு வருஷம் ஊறிய சதுரத்தில். மூக்கு வரைக்கும் சுற்றி, தலையையும் மூடி, காற்றுப் படாமல். நனைத்திருந்தாலாவது. ஆஸ்பத்திரிக்கும் நான்தான் கட்டிக் கொடுத்தேன் ஒரு பை நிறைய. இன்னொன்றும் இப்போது எடுத்துப் போகிறவன் நான்தான். அந்தப் பக்கத்துக் கேட் ஆளும் பார்க்காமல் சொல்லித்தான் ஆறு பேரைக் கொன்றான். அவன் பெயர் என்ன. வாய்க்கு வரவில்லை. ஊதாப்பூச் சேலை மடியில் கிடக்கிறது, எறிய வேண்டும், எறிய முடியவில்லை, மோந்து பார்க்கிறேன், பூரணத்தைத் தேடுகிறேன், வரவில்லை. அவள் மேல் அடித்தது இந்த வாசனையா. எப்போது அடித்தது. வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவள், கூந்தல்வரைக்கும் மைதாப் பசை வாசனை, மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசை, விரல் இடுக்கில் பச்சை. அதுதான் அவள். பக்கத்தில் படுத்திருந்தவன் எனக்கே மறந்துபோய்விட்டது. உருண்டை வாசனையை அவள் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன் நாலு வருஷமாக. மகளுக்கும் அதையே கொடுத்துவிட்டேன். எழுந்திரு. போன் எங்கே. பெஞ்சில் வைத்தேன். இல்லை. சட்டையில். இருக்கிறது.

ஒரு தரம் அடித்து நின்றுவிட்டது. மறுபடி. எடுக்கிறாள். "என்னப்பா, சேலை கிடைச்சுதா?" "பிள்ளை எங்க இருக்கான்?" "என் மடியிலதான். டெஸ்ட்டுக்குக் கொண்டு போகணும்னாங்க, அதுவரைக்கும் வெச்சிருக்கேன்." "சேலையை அவுரு." "என்னது?" "அவன் மேல சுத்தியிருக்கத அவுரு. இப்பவே. தூரப் போடு. வார்டுக்கு வெளிய போடு." "எதுக்குப்பா, குளுரும் அவனுக்கு, ஃபேன் ஓடுது." "செண்பகம், அவுருட்டி." நான் கத்தியிருக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. "அது அம்மா சேலைப்பா" என்றாள், கையிலிருப்பதைப் பிடுங்கும்போது சின்னப் பிள்ளை சொல்கிற மாதிரி. எனக்குப் பேச்சு வராது. முப்பத்தொரு வருஷம் ரெண்டு ரெண்டு வார்த்தையாகப் பேசினவன். ஆனால் பேசித்தான் ஆக வேண்டும், ரெண்டு வார்த்தை போதாது இதற்கு. "தாயி, கேளு. பெட்டியில ரசகற்பூரம் போட்டிருந்தேன். வருசா வருசம். அது அவன் ரத்தத்துக்கு ஆகாது. அதைத்தான் டாக்டரம்மா நேத்துக் கேட்டா. இங்கிலீஷ்ல கேட்டா, எனக்கு விளங்கல, விளங்காமலே கிடையாதுன்னு சொல்லிட்டேன். தப்பு என் மேலதான். பாலைக் கேக்கான்னு நெனச்சேன். நீ மோந்தியே, அது உங்கம்மா வாசனை இல்ல. அந்த உருண்டை வாசனை. உங்கம்மா மேல பசை வாசனைதான் அடிக்கும், நீ அவ மடியில படுத்துத் தீப்பெட்டி எண்ணுவியே, மறந்துட்டியா. நானும் மறந்துட்டேன். அது அவ இல்ல. அவுரு தாயி." மூச்சு வாங்கியது எனக்கு. இத்தனை நீளமாக அவளிடம் நான் பேசியதே இல்லை, கல்யாணத்துக்குப் பெண் கேட்டு வந்தபோதுகூட.

துணி சரசரக்கிற சத்தம். யாரையோ கூப்பிடுகிறாள், நர்ஸம்மா, நர்ஸம்மா. செருப்புச் சத்தம் ஓடுகிறது. டாக்டரம்மாவின் குரல், "குடுங்க, நான் பேசறேன்." போன் கை மாறுகிறது. "தாத்தா, என்ன கண்டுபிடிச்சீங்க?" "நாப்தலீன் பால்ஸ்" என்றேன். பேரைச் சரியாகச் சொன்னேன். "சேலைப் பெட்டியில. ரசகற்பூரம்னு சொல்லுவோம். நேத்து நான் சொன்னது தப்பு. நான் பாலுன்னு நெனச்சு." "ஐயோ" என்றாள் மெதுவாக. டாக்டர் சொல்கிற ஐயோ இல்லை, வீட்டுப் பெண் சொல்கிற ஐயோ. "நானும் கவனிக்கலீங்க தாத்தா. நீங்க தாய்ப்பால்னு சொன்னப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்." "பிழைப்பானா?" "துணி எல்லாத்தையும் எடுத்தாச்சு. உடம்பைத் துடைக்கச் சொல்றேன். அம்மாவும் சேலை மாத்தணும், குளிக்கணும். இன்னைக்கு ரத்தம் மாத்தித்தான் ஆகணும், அதை நிறுத்த முடியாதுங்க, ஏறியிருக்குது. ஆனா மாத்தினது இனி உடையாது. முழிக்கிறானான்னு பாக்கணும்." முழிக்கிறானா என்று பார்க்கணும். சரி. "நீங்க வர்றப்போ அந்த வீட்டுத் துணி ஒண்ணும் கொண்டு வராதீங்க" என்றாள். "கொண்டு வரல" என்றேன். உருண்டைக் கவர் இன்னும் என் கையில்தான் இருக்கிறது. உள்ளங்கை வேர்வையில் ஒட்டிக்கொண்டு.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போன், செண்பகம். அழுகிறாளா என்று கவனித்தேன், இல்லை. "யப்பா, நானும் குளிச்சு மாத்திட்டேன், ஆஸ்பத்திரிக் கவுனு. நர்ஸம்மா அவனைத் துடைச்சுக் கையில குடுத்துட்டாங்க. ரத்தம் வர இன்னும் கால் மணி நேரம் ஆகுமாம். இங்க வேற துணி இல்ல. அம்மணமாக் கிடக்கான் பாவம், விரல் எல்லாம் ஜில்லுனு இருக்கு. என்னத்தச் சுத்தட்டும்?" நான் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். ஜன்னல், சாக்கு, பெட்டி, கட்டில். கொடுக்க இந்த வீட்டில் ஒன்றுமில்லை.

"ஒண்ணும் சுத்தாத" என்றேன். "கவுனை விலக்கி, நெஞ்சோட போட்டுக்க. உன் உடம்புச் சூடு போதும்."

போட்டுக்கொண்டாள் போல. மூச்சு இரண்டாகக் கேட்டது, ஒன்று பெரிது, ஒன்று சின்னது. பிறகு சின்னது முனங்கியது. முனங்கி, இழுத்து, பூனைக்குட்டி மாதிரி ஒரு குரல் எடுத்தது. "அழுதான்ப்பா" என்றாள். "ம்" என்றேன்.